உதை

பிப்ரவரி. டகோட்டாவில் காற்றுக்குப் பல் முளைக்கும் மாதம்.
லைல் மூன்று தோட்டாக்களை
உப்புக் குடுவைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தான்.
ஜூனுக்கு எது என்று இன்றிரவே முடிவாக வேண்டும்.
மார்ச்சில் வெடிமருந்து விலை ஏறுமாம்,
ஹால்வர் சொன்னான்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

பிரெய்ரி நாய். பேரில்தான் நாய்; அணில் ஜாதி.
மேற்கு மேய்ச்சல் நிலம் அவற்றின் ஊர்.
மாட்டின் கால் வளைக்குள் சிக்கி முறியும் என்பார்கள்.
எங்கள் மாடு ஒன்றும் முறித்துக்கொண்டதில்லை,
பொய் சொல்வானேன்.
புல்தான் வழக்கு.
போன அக்டோபரில் பதினெட்டுப் பசுக்களைக்
கன்றோடு லாரி ஏற்றினோம்.

ஹால்வர் 22-250 கட்சி.
நானூறு கெஜத்தில் காற்றை மதிக்காது என்றான்,
தானே பெற்றுப் பேர் வைத்த மாதிரி.
"இருபது சுட்டால் குழலில் முட்டை பொரிக்கலாம்,"
லைல் தலையை ஆட்டினான்.
"நாளைக்கு ஐந்நூறு சுட வேண்டும்.
மூன்று கோடையில் குழல் செத்துப்போகும்."
"வேறு குழல் மாட்டு."
"உன் காசிலா?"

அடுத்தது .223.
பட்டாளத்துக்காரனின் தம்பி, எந்தக் கடையிலும் கிடைப்பான்.
மாட்டு வைத்தியரின் பில்லைத் திருப்பிப்போட்டு
நான் கணக்கெழுதினேன்:
ஒரு பவுண்டு மருந்தில் இவனுக்கு இருநூற்றெழுபது வேட்டு,
அவனுக்கு நூற்றுத் தொண்ணூறு.
பித்தளைக் கூடு, கேப், குண்டு.
செத்ததைப் பருந்து தின்னும், ஈயம் வேண்டாம் என்றேன்;
செம்புக் குண்டுக்கு ஒரு வரி கூடியது.

கடைசியில் நின்றது .204,
சீவிய பென்சில் போல.
"இதில் உதையே இல்லை," ஹால்வர் குரலைத் தாழ்த்தினான்,
தேவாலயத்தில் நிற்பவன் மாதிரி.
"சுட்ட பிறகும் ஸ்கோப் இடம் பெயராது.
பட்டதை நீயே பார்க்கலாம்.
பக்கத்தில் ஆள் வைத்துக் கேட்க வேண்டாம்."

லைல் காபியைக் கலக்கினான்.
அவன் சர்க்கரை போடுவதில்லை.

பக்கத்து ஆள் நான்தான்.
ஏழு ஜூன்களாகப் பைனாகுலரோடு மடக்கு நாற்காலியில்.
துப்பாக்கி துள்ளும்; அவனுக்கு வானம் தெரியும்,
கொஞ்சம் தூசி தெரியும்.
"என்ன ஆச்சு?" என்பான்.
"இடது, ஒரு சாண்."
"மேலே போச்சு."
"பட்டது."

பட்டது என்பதற்குள் நான் எவ்வளவோ அடைத்திருக்கிறேன்.
பின்கால் இல்லாமல் வளை வரைக்கும் போனதை.
நின்றபடி கத்திக்கொண்டிருந்தது
கத்தலை முடிக்காததை.
இன்னொன்று வெளியே வந்து
விழுந்து கிடந்ததன் கழுத்தைக் கவ்வி
உள்ளே இழுக்கப் பார்த்ததை.
இழுத்ததா தின்றதா, எனக்கும் தெரியாது.
அதற்குள் லைல் அடுத்ததைக் குறி பார்த்தாயிற்று,
காற்று எந்தப் பக்கம் என்று நான் சொல்லியாயிற்று.

சுட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
விற்ற பசுக்களில் ஒன்றுக்கு
நெற்றியில் மட்டும் வெள்ளை.
என் வாளிச் சத்தம் கேட்டால் வரும்.

லைலின் கை .223 பக்கம் போனது.
"விலை," என்றான், யாரும் கேட்காமல்.

நான் மெலிந்ததை ஒரு விரலால் முன்னே தள்ளினேன்.
"இது."
"குண்டு விலை அதிகமாச்சே."
"கணக்குப் போட்டுவிட்டேன்."
போடவில்லை.
பில் கவிழ்ந்து கிடந்தது,
வைத்தியரின் கையெழுத்து மேலே தெரிய.

ஹால்வர் சிரித்தான்.
"அப்போ உனக்கு என்ன வேலை அங்கே?"

"தண்ணீர் கொண்டுவருகிறேன்," என்றேன்.
"பன்னிரண்டு மணிக்கு. சாண்ட்விச்சும்."

லைல் சிரிக்கவில்லை.
அதை எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்தான்,
எடை பார்ப்பதுபோல்,
எடையே இல்லாத ஒன்றை,
வெகுநேரம்.